கடற்கரைக் குப்பையில் ஆமைச் சிற்பம்: பள்ளிப் பிள்ளைகளோடு எப்படிச் செய்வது?

நாகை_டீச்சர் கேட்டது:

வணக்கம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அறிவியல் எடுக்கிறேன், பள்ளியின் பசுமைப் படையும் என் பொறுப்பு. என் வகுப்பில் பாதிக்கு மேல் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் கரையிலும் பருவத்தில் ஆமைகள் செத்துக் கிடப்பதைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியிலேயே பார்க்கிறார்கள். “டீச்சர், நாம ஏதாவது செய்யணும்” என்று அவர்களே கேட்டார்கள். கரையில் பொறுக்கிய குப்பையாலேயே ஆள் உயரத்துக்கு ஓர் ஆமை செய்து, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று கடற்கரையில் நிறுத்தலாம் என்று முடிவாகியிருக்கிறது.

கையில் சில சாக்கு தண்ணீர் பாட்டில், பால் கவர், பிஸ்கட், சிப்ஸ் கவர் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஐந்தாயிரம் ரூபாய் தரும். தெர்மாகோலை ஆமை வடிவில் வெட்டி, பாட்டில்களைக் குளூ கன்னால் ஒட்டி, மேலே பச்சை ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் தெர்மாகோல் வாங்கிக் குப்பையைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. கடற்காற்றுக்கு இது நிற்குமா? வேறு எப்படிச் செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சவுக்குத்தோப்பு எழுதியது:

நல்ல முயற்சி டீச்சர். பாட்டிலைவிடச் செருப்பைப் பாருங்கள். நம் கரையில் எவ்வளவு ரப்பர் செருப்பு ஒதுங்குகிறது! கென்யாவில் ‘ஓஷன் சோல்’ என்ற அமைப்பு கரையில் ஒதுங்கும் செருப்புகளைக் கழுவி, அடுக்கி ஒட்டி, செதுக்கி, யானை, ஒட்டகச்சிவிங்கி, ஆமை எல்லாம் செய்கிறது. அங்கே ஒரு தீவில் பிள்ளைகள் ஒதுங்கிய செருப்பை வெட்டி விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனையே பிறந்தது. செருப்பு வெட்டுவதற்கு எளிது, நிறமும் அதிலேயே இருக்கிறது, பெயிண்ட் தேவைப்படாது.

இன்னொன்று, செய்வதை நிரந்தரமாக நிற்கும்படி செய்யுங்கள். சண்டிகரில் நேக் சந்த் கட்டிய பாறைத் தோட்டம் 1976-இல் மக்களுக்குத் திறந்தது, இன்னும் கூட்டம் போகிறது. உடைந்த வளையல், பீங்கான், கழித்துப்போட்ட பொருள்தான் எல்லாம். உங்கள் ஆமையும் ஊருக்கு ஓர் அடையாளமாக நிற்கட்டும்.

பட்டறைக்காரன் எழுதியது:

டீச்சர், நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்துவிட்டுக் கடலூர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சோறு போடுவது கேட்டும் கிரில்லும்தான். பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டால் பழைய இரும்பு, பழைய வலையில் சிற்பம் செய்யப் போவேன். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி ஒட்டுவது என்பதற்கு முன்னால், எதைச் சொல்லப்போகிறோம் என்பதைப் பேசிவிடலாம். 2025-இல் ஒதுங்கிய அந்த ஆமைகள் பாட்டிலை விழுங்கிச் சாகவில்லை. ஆமைக்கு நுரையீரல். மூச்சு வாங்க அது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவைமடி கடலுக்குள் மணிக்கணக்கில் இழுபடும்போது உள்ளே மாட்டிய ஆமைக்கு மேலே வர வழியில்லை, மூச்சு முட்டிச் சாகிறது. ஒதுங்கிய உடல்களில் கண் பிதுங்கியிருந்ததும் கழுத்து வீங்கியிருந்ததும் அதன் அடையாளம்தான். முட்டையிடும் பருவத்தில், ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு மீன்பிடிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

பிளாஸ்டிக்கால் ஆமைக்குக் கெடுதல் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாலித்தீன் பையை விழுங்கிய ஆமைகள் உலகம் முழுக்கக் கிடைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் பிள்ளைகள் வழியில் பார்த்த சாவுக்குக் காரணம் வேறாக இருக்கும்போது, பாட்டிலால் ஆமை செய்து ‘பிளாஸ்டிக் ஆமையைக் கொல்கிறது’ என்று பலகை வைத்தால், கடலுக்குப் போகிற எந்தப் பெரியவரும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். வீட்டில் அப்பா பேசுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்கும் உண்மை தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததற்கு மாறாக ஒன்றை அவர்கள் கையாலேயே செய்யவைக்க வேண்டாம்.

அதனால் என் யோசனை, ஆமையை வலையாலேயே செய்யுங்கள். இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் எல்லாம் கரையில். வலைக்கூடத்தில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கிற காலமும் இதுதான். கிழிந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலை, அறுந்த கயிறு, உடைந்த மிதவை எல்லாம் குவிந்து கிடக்கும். ஆண்டு முழுக்கத் தேடினாலும் இவ்வளவு சேராது. அதைவிடப் பெரிய லாபம், வலை ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் பகலில் ஊரிலேயே இருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில் ஏரூப் என்று ஒரு சின்னத் தீவு. வேறு நாட்டுப் படகுகள் விட்டுப்போன வலைகள் அந்தப் பக்கத்துக் கடலில் மிதந்து வந்து பவளப்பாறையில் சிக்கும், ஆமையைப் பிடிக்கும். தீவுக்காரர்கள் அந்த வலையைப் பிரித்து, முறுக்கி, பின்னி, ஆமையும் மீனுமாகச் செய்கிறார்கள். அவர்கள் வேலையின் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அழகு மட்டும் இல்லை. ஆமையைக் கொல்வது எதுவோ அதுவே ஆமையாகியிருக்கிறது, பார்க்கிறவருக்குப் பலகையே வேண்டாம்.

இனி பொருளைப் பற்றி. தண்ணீர் பாட்டிலை ஊரில் பொறுக்குகிற அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு, அது அவருடைய ஒருநாள் கூலி. பிள்ளைகள் சாக்கு சாக்காகப் பாட்டில் சேர்ப்பது அவர் கையிலிருந்து எடுப்பதுதான். கடைக்காரர் எதை வேண்டாம் என்று தள்ளுகிறாரோ அதுதான் நமக்குப் பொருள். கிழிந்த வலை, செருப்பு, உடைந்த மிதவை, நிறம் போன மூடி.

அறிவியல் டீச்சர் என்பதால் இதைச் செய்து பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் சேர்த்த பொருள்களின் துண்டுகளைப் போடச் சொல்லுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், அதே பாட்டிலின் மூடி மிதக்கும். நைலான் வலை மூழ்கும், பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். ஒரே குப்பை என்று நாம் சொல்வது எத்தனை வகைப் பொருள், அதில் எது கடலடிக்குப் போகிறது, எது அலையில் மிதந்து வேறு ஊர்க் கரைக்குப் போகிறது என்பது அந்த வாளியிலேயே தெரிந்துவிடும். பிரித்துக் குவிக்கும்போது பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்த வேலைக்குப் போகிறேன்.

தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். கடற்காற்றில் மணி மணியாக உதிர்ந்து மணலில் கலந்துவிடும், ஒருத்தராலும் பொறுக்க முடியாது. குளூ கன் பசை கடற்கரை வெயிலில் இளகும். ஸ்ப்ரே பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கும் யாரும் வாங்க மாட்டார்கள்.

எலும்புக்கூட்டுக்குச் சவுக்குக் கழி போதும். உங்கள் பக்கம் தோப்புக்கா பஞ்சம்? ஓட்டுக்கு வளைவு வேண்டுமென்றால் மூங்கிலைப் பிளந்து வளையுங்கள். கட்டுவதற்கு வலைக்கயிறு. கட்டுக்கம்பி வேண்டாம், உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து முனை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் கையைக் கிழிக்கும்.

ஒரு வழிமுறை மட்டும் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்துக் கடற்கரையில் பேண்டன் என்ற ஊரில், ஏஞ்சலா ஹேசல்டைன் போஸி என்ற ஓவிய ஆசிரியை 2010-இல் ‘வாஷ்டு அஷோர்’ என்ற வேலையைத் தொடங்கினார். ஒதுங்கிய பிளாஸ்டிக்கை ஊர்க்காரர்கள் பொறுக்கி, கழுவி, நிறவாரியாகப் பிரித்து, ஓட்டை போட்டுச் சின்னச் சின்னப் பலகங்களாகத் தைக்கிறார்கள். பிறகு அவற்றைப் பெரிய சட்டத்தில் பொருத்துகிறார்கள். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது பலகம்தான். ஆறு பிள்ளைக்கு ஒரு பலகம் கொடுத்தால் வகுப்பு முழுவதுக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்கும். இல்லையென்றால் நான்கு பேர் கட்டுவார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

சவுக்குத்தோப்பு சொன்ன நிரந்தரத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நேக் சந்த் எடுத்தது பீங்கானும் கண்ணாடி வளையலும் சிமெண்டும். வெயில் அதை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் அப்படியில்லை. வெயில் படப்பட வெளுத்து, நொறுங்கி, பொடியாகும். ஒரு பள்ளியில் பாட்டிலால் செய்த பெரிய மீன் ஒன்றை நுழைவாயிலில் வைத்திருந்தார்கள். விழா முடிந்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செதில்கள் விரலால் தொட்டாலே உடைந்தன, மழைத்தண்ணீர் அந்தத் துணுக்குகளை வாய்க்காலுக்கு அடித்துக்கொண்டு போனது. கடைசியில் மூலையில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அந்தப் புகையைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பிரிக்கிற நாளை முன்கூட்டியே குறித்துவிட்டுத்தான் கட்ட ஆரம்பிக்க வேண்டும்.

நாகை_டீச்சர் எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் சார். மனசுக்கு ஒப்பவில்லை என்று எழுதியதன் காரணம் இப்போதுதான் எனக்கே தெளிவாகத் தெரிகிறது. பாட்டில் சாக்குகளை நாளைக்கே அந்த அக்காவிடம் சேர்த்துவிடுகிறேன்.

இரண்டு கவலை. ஒன்று, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஜூன் 5 வந்துவிடும், அதற்குள் இவ்வளவும் முடியுமா? இன்னொன்று, மீனவர் ஊரிலேயே வலையால் ஆமை செய்து வைத்தால், ‘உங்கள் அப்பாதான் ஆமையைக் கொல்கிறார்’ என்று பிள்ளைகளிடம் சொன்னது மாதிரி ஆகிவிடாதா?

கரைவலை எழுதியது:

டீச்சர், நான் மீனவர் வீட்டுப் பெண், உங்கள் மாவட்டம்தான். இப்போது வேலைக்காகச் சென்னையில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கவலை நூற்றுக்கு நூறு நியாயமானது.

பைபர் படகுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். இழுவைப் படகு கரைக்குக் கிட்டே வந்தால் ஆமை மட்டும் சாவதில்லை, அவர்கள் போட்டிருக்கிற வலையையும் அறுத்துக்கொண்டு போய்விடும். கடன் வாங்கி வாங்கிய வலை. அப்படி அறுந்து கடலோடு போன துண்டுகள்தான் திரும்பக் கரையில் ஒதுங்குகின்றன. எங்கள் அப்பா அப்படி ஒதுங்கிய வலையை எடுத்து வந்து, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று திண்ணையில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த வலையால் ஆமை செய்தால் சின்னப் படகுக்காரர்களுக்கு அது தங்கள் கதையாகத்தான் தெரியும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் பைபர் படகும் விசைப்படகும் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே குடும்பத்திலேயே உண்டு. இழுவைமடிதான் குற்றவாளி என்று சிற்பம் சொன்னால் வகுப்பறையிலேயே பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிற அப்பாவின் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பட்டறைக்கார அண்ணன் சொன்ன உண்மை உண்மைதான். அதை எப்படிச் சொல்வது என்பதை ஊரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வலை கேட்பதற்கு நேராக வலைக்கூடத்துக்குப் போகாதீர்கள். மீனவர் ஊர்ப் பெரியவர்கள் கூடும் நாட்டார் பஞ்சாயத்தில் போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் மூலமாகக் கேளுங்கள். பெண்களையும் விட்டுவிடாதீர்கள், ஏலக்கூடத்தில் சேர்கிற ஐஸ் பெட்டித் தெர்மாகோலும் பாலித்தீன் பையும் எங்கே போகிறது என்று மீன் விற்கிற அம்மாக்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பழைய வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்திருக்கும். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் அதை எல்லாம் வெட்டி எடுத்துவிட வேண்டும். ஈயம் நஞ்சு. கரையில் பொறுக்கும்போது ஊசி, கண்ணாடி, மருந்துப் புட்டி எதையும் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லி, கையுறை வாங்கிக் கொடுங்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

தங்கச்சி சொன்னதைப் படித்ததும் என் மனசில் இருந்த படமே மாறிவிட்டது. செத்த ஆமையைக் காட்ட வேண்டாம். தப்பிக்கிற ஆமையைக் காட்டுவோம்.

இழுவைமடியில் ஆமை வெளியேறுவதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. வேலை செய்கிற விதம் எளிமையானது. மடிக்குள், கடைசிப் பைக்கு முன்னால், வளையம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தியிருப்பார்கள். வளையத்தில் கம்பிகள். மீனும் இறாலும் கம்பி இடுக்கில் புகுந்து பைக்குப் போய்விடும். ஆமை புகாது, சாய்வான கம்பியில் முட்டி, அப்படியே சறுக்கி, வலையில் விட்டிருக்கும் வாசல் வழியாக வெளியே போய்விடும். மீனும் கொஞ்சம் அதே வாசலில் போய்விடும் என்று படகுக்காரர்கள் சொல்வதுண்டு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் வீட்டுக் கணக்கு அது.

இதைப் பிள்ளைகள் உள்ளே நுழைந்து போகிற அளவுக்குக் கட்டலாம். சவுக்குக் கழியில் நீளமான கூண்டு, அதைச் சுற்றிப் பழைய வலை, நடுவில் சாய்வான வளையம், மேலே வாசல். வாசலுக்கு வெளியே, பாதி உடல் வந்துவிட்ட நிலையில் வலைக்கயிற்றால் பின்னிய ஆமை. ஓட்டுக்குச் செருப்புத் துண்டுகள் சரியாக வரும், அந்த விதத்தில் சவுக்குத்தோப்பின் யோசனை அருமை. ஒரு பிள்ளை ஒரு முனையில் தவழ்ந்து நுழைந்து, கம்பியில் தடுக்கப்பட்டு, வாசலைத் தேடி வெளியே வரட்டும். இதில் யார் வீட்டு அப்பாவையும் சுட்டவில்லை. விசைப்படகு வைத்திருப்பவரே வந்து, வாசல் எங்கே இருக்க வேண்டும் என்று திருத்திச் சொல்லலாம். சொல்லச் சொல்லுங்கள், அவருக்குத்தான் மடி தெரியும்.

காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வலையில் காற்று ஊடே போய்விடும், பாட்டில் பரப்பைப் போல் எதிர்த்து நிற்காது. கழிகளை முழங்கால் ஆழம் புதைத்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினால் போதும். அலை ஏறும் கோட்டுக்கு நன்றாக மேலே, ஆள் நடமாட்டம் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

ஜூன் 5-ஐ விட்டுவிடுங்கள் டீச்சர். அன்றைக்குப் பிள்ளைகள் சேர்த்ததையும் வாளிச் சோதனையையும் காட்டினால் போதும், தலைமையாசிரியைக்கும் நிகழ்ச்சி ஒன்று கிடைத்துவிடும். சிற்பத்தைச் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமைக்கு வையுங்கள், அது உலகம் முழுக்கக் கடற்கரை தூய்மை செய்கிற நாள். வலையை மட்டும் தடைக்காலம் முடிவதற்குள் சேர்த்துக் கழுவிக் காயவைத்துவிடுங்கள். உப்பும் மணலும் போகாமல் சாக்கில் கட்டினால் நாற்றம் எடுக்கும். அக்டோபரில் வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முன் பிரித்தாக வேண்டும், கரையில் விட்டால் புயலுக்குக் கடலுக்கே போய்விடும். பிரித்த வலையையும் வளையத்தையும் பள்ளியிலேயே வெயில் படாத இடத்தில் வைத்தால், ஜனவரியில் ஆமை வரும் காலத்தில் மறுபடி கட்டலாம். ஆமை கரையேறும் இடத்தை மறிக்காமல் மட்டும், அப்போது பள்ளி வளாகத்தில்.

வளையத்தை நான் செய்து தருகிறேன். பட்டறையில் கம்பித் துண்டு எப்போதும் மிச்சம் கிடக்கும், அதற்குக் காசு வேண்டாம். ஐந்தாயிரத்தைக் கையுறைக்கும், வலை பின்னச் சொல்லித்தரும் பெரியவர்களுக்கு ஒரு நல்ல சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகை_டீச்சர் எழுதியது:

தவழ்ந்து போகிற மடி! பிள்ளைகளிடம் சொன்னால் விடுமுறையிலும் பள்ளிக்கு வந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை நாட்டார்கள் கூடுவார்கள். வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரின் தாத்தாக்கள் அதில் இருக்கிறார்கள், அவர்களோடு போய்க் கேட்கிறேன். விசைப்படகு வைத்திருக்கும் ஒரு பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். கரைவலை அக்கா சொன்ன ஈயக்குண்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, மிகவும் நன்றி.

சார், வளையத்தின் அளவு நான் சொல்ல வேண்டுமா?

பட்டறைக்காரன் எழுதியது:

வகுப்பிலேயே பெரிய பிள்ளையைத் தவழச் சொல்லி, தோள் அகலத்தையும் தரையிலிருந்து முதுகு உயரத்தையும் அளந்து அனுப்புங்கள். அதோடு ஒரு சாண் கூட்டி வாசலை வைத்துவிடுகிறேன். கம்பி இடைவெளி பிள்ளையின் தலை மாட்டாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நாட்டார்கள் சரி என்றதும் இங்கே எழுதுங்கள், வேலையைத் தொடங்கிவிடலாம்.